எடுக்காமல் விட்ட மருந்துப் பெட்டிகள்

ஆம்பூர் பஜாரில் ஷூவுக்கு சோலும் லைனிங்கும் பசையும் விற்கிற கடைக்கு மேல்மாடியில்தான் ஆபித் பாஷாவின் பிரவுசிங் சென்டர். அங்கே பகல் இரண்டு முதல் நாலு வரை லேடீஸ் டைம். அந்த இரண்டு மணி நேரமும் ஆம்பளைகள் படிக்கட்டில்கூடக் கால் வைக்கக் கூடாது. நாலு அடித்துவிட்டால் பொம்பளைகள் ஒருத்தரும் உள்ளே இருக்கக் கூடாது. பாஷா பாய் மற்ற எதில் விட்டுக்கொடுத்தாலும் இதில் விட்டுக்கொடுக்க மாட்டார். உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது என்று அவருக்குத் தெரியும்.

அந்த லேடீஸ் டைமில் வாரத்துக்கு நாலு நாள் வந்து உட்கார்ந்தவள் கரோலின். பள்ளிக்கூட வாத்தியார் தேவானந்தத்தின் மகள், வயசு இருபத்தாறு, ஊரிலிருந்த ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். காலை டூட்டி முடிந்ததும் யூனிஃபாரத்தை மாற்றிக்கொண்டு நேரே இங்கேதான் வருவாள். முதலில் சவூதி வேலைக்கு விண்ணப்பம் நிரப்பத்தான் வந்தாள். 2006ஆம் வருஷத்து நெட் எப்படி இருக்கும் என்று சொல்லவா வேண்டும்? ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு வார்டையே சுற்றி வந்துவிடலாம். சும்மா உட்காரப் பிடிக்காமல் மானிட்டரில் இருந்த ஒரு படத்தின் மேல் அழுத்தினாள். வந்தது வினை.

அது தண்டர் ஜாக், இரண்டாம் பாகம். முதல் பாகத்தைத் தம்பி ஜெஸ்டனோடு வீட்டுக் கம்ப்யூட்டரில் அவள் முழுசாக ஆடி முடித்திருந்தாள். ஜாக் என்பவன் கறுப்புக் கண்ணாடியும் பனியனும் போட்ட ஒரு தடியன். அவன் முகம் நமக்குத் தெரியாது. துப்பாக்கி பிடித்த கை மட்டும்தான் திரையில் தெரியும், நாம்தான் ஜாக். எதிரே வருவது எல்லாம் ஆடுகள். சாதாரண ஆடா? முதுகில் ராக்கெட் கட்டிய ஆடு, இரண்டு காலில் நின்று பீரங்கி தூக்கும் ஆடு. முதல் பாகத்தில் நூறு நூறாய் வந்தவை இரண்டாம் பாகத்தில் ஆயிரமாய் வந்தன, பறந்தும் வந்தன. கடைசியில் மலை மாதிரி ஒரு கிடா காத்திருக்கிறது என்று ஊரெல்லாம் பேச்சு.

நாள் முழுக்க ஊசி போட்டு, புண் துடைத்து, டாக்டரிடம் திட்டு வாங்கி, யார் மேலும் கோபப்பட முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு இப்படி ஒரு கேம் கையில் கிடைத்தால் விடுவாளா? கரோலின் சுட்டாள். பாஷா பாயின் ஸ்பீக்கர் கதறும் அளவுக்குச் சுட்டாள். பக்கத்து கேபினில் ரிசல்ட் பார்த்துக்கொண்டிருந்த பெண் எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டது.

அவள் உட்காருவது எப்போதும் நாலாம் நம்பர் மெஷினில். அது பிளைவுட் தடுப்புக்குப் பின்னால் சுவரை ஒட்டி இருந்தது. வலது பக்கம் சுவர் இடிப்பதால் மௌஸ் இடது பக்கம் கிடக்கும். அதனால் அதை யாரும் சீண்ட மாட்டார்கள். கரோலினுக்குப் பிறந்ததிலிருந்தே இடது கைதான். சின்ன வயசில் வீட்டிலும் சர்ச்சிலும் இதற்காக வாங்கிய கொட்டு கொஞ்சநஞ்சமல்ல. இந்த உலகத்தில் தனக்காகவே ஒருத்தர் போட்டு வைத்த மேஜை இது ஒன்றுதான் என்று அவளுக்குத் தோன்றும்.

இரண்டாம் நாளே ஒரு விஷயம் அவளுக்கு ஆத்திரமூட்டியது. ஆட்டத்தை எங்கே நிறுத்தி சேவ் செய்தாலும், மெஷினுக்கு ஒரே ஒரு சேவ்தான் பாஷா பாய் அனுமதித்திருந்தார். கடைசியாக ஆடியவர் விட்ட இடம்தான் அடுத்தவருக்குத் தொடக்கம். பாலத்தில் விட்டுவிட்டுப் போனாள், மறுநாள் திறந்தால் ஜாக் கோட்டைக்குள் நிற்கிறான். சாயங்காலத்தில் எவனோ இதே மெஷினில் இவள் ஆட்டத்தைத் தொடர்ந்திருக்கிறான். அடுத்த வீட்டுக்காரன் நம் சட்டியில் கை விட்டது போல முதலில் எரிந்தது. பிறகு பழகிவிட்டது. அவன் கஷ்டமான இடங்களையெல்லாம் தாண்டி வைத்திருப்பான். இவள் திறந்ததும் ஆடுகள் செத்துக் கிடக்க, சுற்றிலும் வெள்ளைப் பெட்டிகள் இருக்கும். சிவப்புக் கூட்டல் குறி போட்ட மருந்துப் பெட்டிகள். ஒன்று எடுத்தால் ஜாக்கின் உயிர் இருபது ஏறும். இவள் ஒவ்வொன்றாக ஓடி ஓடி எடுத்து, நூறு ஆனதும் கதவைத் திறந்துகொண்டு அடுத்த கூட்டத்தைச் சுடப் போவாள்.

பாஷா பாயின் மேஜையில் நூலில் கட்டிய பேனாவோடு ஒரு லாங் சைஸ் நோட்டு தொங்கும். சென்னையிலிருந்து அடுத்து எந்த கேம் சி.டி. வாங்கலாம் என்று தெரிந்துகொள்வதற்காக, ஆடினவர்கள் கருத்தை முன்பக்கங்களில் எழுதச் சொல்லியிருந்தார். தண்டர் ஜாக் இரண்டாம் பாகம் வந்த பிறகு அந்த நோட்டில் சண்டைதான். கலர் கண்ணைக் குத்துகிறது என்று ஒருத்தர், முதல் பாகத்தில் ஜாக் பேசாமல் சுட்டான், இதில் வாயாடுகிறான் என்று இன்னொருத்தர். டேனரியில் வேலை செய்கிற யாரோ இப்படி எழுதியிருந்தார்: “ஆம்பூர்க்காரனுக்கு இந்த கேம் ஆவாது. இவ்ளோ குண்டு போட்டா தோல் பூரா ஓட்டை, ஒன்னுகூட முதல் தரம் தேறாது.” எல்லாரும் ஒரே குரலில் சொன்னது ஒன்றுதான். மருந்துப் பெட்டி ரொம்பக் கம்மி, பேஜார்.

இதைப் படித்த கரோலினுக்குச் சிரிப்பு வந்தது. ஆடத் தெரியாத பசங்கள். நோட்டை இழுத்து எழுதினாள்: “மருந்துப் பெட்டி ஜாஸ்தி. திரும்புன பக்கமெல்லாம் கிடக்குது. குழந்தைங்க ஆடுற கேம் ஆக்கிட்டாங்க. முதல் பாகமே மேல்.” கீழே பெயர் போட வேண்டிய இடத்தில் ‘நாலு’ என்று போட்டாள்.

மறுநாள் நோட்டில் அவளைக் கிழி கிழி என்று கிழித்திருந்தார்கள். நாலு எந்த ஊர் ஜாக் ஆடுகிறார், புளுகுக்கும் ஒரு அளவு வேண்டாமா என்று அரைப் பக்கம். எல்லாவற்றுக்கும் கீழே, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியது போலக் கோணல் மாணலாக ஒரு வரி இருந்தது: “ஜாஸ்தி இருந்தா இருந்துட்டு போகட்டும். எடுத்துக்கோங்க.” அதற்குக் கீழேயும் பெயர் ‘நாலு’ என்றுதான் இருந்தது.

கரோலினுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பிடிபட ஒரு வாரம் ஆனது. ஒரு நாள் நாலாம் நம்பரில் ஒரு காலேஜ் பெண் உட்கார்ந்துவிட்டதால், ரெண்டாம் நம்பரில் ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கினாள். ஒன்பது தடவை செத்தாள். பெட்டியைத் தேடித் தேடிக் கண் வலித்தது. ஒரு மைதானத்துக்கு இரண்டு பெட்டி, பெரிய மைதானம் என்றால் மூன்று. அந்தப் பசங்கள் புளுகவில்லை. அவள்தான் விவரம் தெரியாமல் பேசியிருக்கிறாள். நாலாம் நம்பரில் அவன் ஒவ்வொரு கூட்டத்தையும் அடிபட்டு அடிபட்டே கடந்து, ஒரு பெட்டியைக்கூடத் தொடாமல், உயிர் பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இறங்கிய பிறகு சேவ் செய்துவிட்டுப் போயிருக்கிறான். எல்லாம் அடுத்து வருகிறவளுக்காக.

அவள் மௌஸை விட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் எத்தனை பேருக்கு அவள் மருந்து எடுத்து வைத்திருப்பாள். அவளுக்கு என்று ஒருத்தர் ஒரு மாத்திரை எடுத்து வைத்ததாக நினைவில்லை. அம்மா ஜெயபுஷ்பம் போன பிறகு வீட்டில் அந்த வேலையும் இவளுடையதுதான். அவளுக்கு அவனைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. யார், எப்படி இருப்பான் என்று எதுவும் தெரியாமலே அப்படி ஓர் ஏக்கம் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அன்றிலிருந்து அவளும் பெட்டிகளை விட்டுவைத்தாள். நூறு வரை ஏற்றாமல் நாற்பதோடு நிறுத்தினாள். அவன் அதையும் தொடாமல் முப்பதில் விட்டான். இவள் இருபதில் விட்டாள். இப்படி நீ எடு நீ எடு என்று விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்து, நடுவில் பாவம் ஜாக் குற்றுயிரும் குலையுயிருமாக நடமாடிக்கொண்டிருந்தான். மருந்தைச் சுற்றிலும் வைத்துக்கொண்டு சாகக் கிடந்த ஒரே வீரன் உலகத்தில் அவனாகத்தான் இருப்பான். காலையில் வார்டில் நிற்கும்போது அவளுக்கு இது ஞாபகம் வந்து தானாகச் சிரிப்பு வரும். என்ன சிஸ்டர் சிரிக்கிறீங்க என்று நோயாளிகள் கேட்பார்கள்.

செப்டம்பரில் விசா வந்துவிட்டது. சவூதியில் தம்மாம் என்கிற ஊரில் ஒரு ஆஸ்பத்திரி, இரண்டு வருஷ ஒப்பந்தம். சனிக்கிழமை சென்னைக்குப் போக வேண்டும், ஞாயிறு விமானம். அப்பா முகமெல்லாம் பல்லாக ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். கரோலினுக்கு நாலாம் நம்பரில் இன்னும் ஒரே ஒரு கதவு பாக்கி இருந்தது. அதற்குப் பின்னால் கிடா. அதை முடிக்கிறாளோ இல்லையோ, போவதற்குள் அவனை ஒரு தரம் பார்த்துவிட வேண்டும். வேறு எதுவும் அவள் கேட்கவில்லை.

பாஷா பாயிடம் நயமாகப் பேசினாள். அவர் மனைவி மஹ்பூபிக்கு உடம்பு முடியாதபோது வீட்டுக்கே போய்ப் பத்து நாள் ஊசி போட்டவள் என்பதால் அவரால் தட்ட முடியவில்லை. வெள்ளிக்கிழமை மட்டும், நாலு மணிக்கு மேல், ஆறு வரைக்கும், தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்ளலாம் என்றார். வெள்ளிக்கிழமைதான் அவளுக்கும் வேண்டும். நோட்டில் பிறகும் அவ்வப்போது வந்த அந்தக் கோணல் எழுத்து வரிகளுக்கு மேலே போட்டிருந்த தேதிகளை அவள் எண்ணிப் பார்த்திருந்தாள். பாதிக்கு மேல் வெள்ளி. ஊரில் நிறைய கம்பெனிகளுக்கு வெள்ளிதானே விடுமுறை.

இதை அவனுக்கு எப்படிச் சொல்வது? நோட்டின் முன்பக்கங்களில் எழுதினால் ஊரே படித்துச் சிரிக்கும். பின்பக்கங்களைத் திருப்பினாள். அங்கே கோடு போட்டு, மெஷின் நம்பர், கிழமை, நேரம் என்று வரிசையாக எழுதியிருந்தது. யார் எப்போது வருகிறார்கள் என்கிற கணக்கு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். சில வரிகளுக்குப் பக்கத்தில் டிக் இருந்தது. நல்லதாயிற்று என்று புதன்கிழமை அதில் எழுதினாள்: “நம்பர் நாலு. வெள்ளி, நாலு முதல் ஆறு வரை. சனிக்கிழமை ஊரை விட்டுப் போறேன். கடைசிக் கதவு.”

வியாழக்கிழமை வந்து முதல் வேலையாக அந்தப் பக்கத்தைத்தான் திருப்பினாள். அவள் வரிக்குப் பக்கத்தில் ஒரு டிக். இடது கையால் போட்டது, வால் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. அவளுக்குக் காது சூடாகிவிட்டது. வருகிறான். மெஷினைத் திறந்தால் ஜாக் கடைசிக் கதவின் முன்னால் நிற்கிறான், உயிர் ஏழு. கிடாவைச் சமாளிக்க என்று கேமே அந்த ஒரு இடத்தில் அள்ளிக் கொட்டியிருந்த பதினோரு பெட்டிகளும் அவனைச் சுற்றி அப்படியே கிடந்தன. அவள் ஒன்றையும் தொடாமல் மூடிவிட்டு வீட்டுக்குப் போய், சவூதிக்கு என்று எடுத்து வைத்த நீலச் சுடிதாரைப் பெட்டியிலிருந்து திரும்ப எடுத்துத் தேய்த்தாள்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்கு மூடியிருந்த சென்டர் இரண்டுக்குத் திறந்தது. நாலுக்குப் பெண்கள் எல்லாரும் இறங்கிப் போனார்கள், கரோலின் மட்டும் உட்கார்ந்திருந்தாள். ஆம்பளைகள் ஏறி வரும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு காலடிக்கும் அவள் நிமிர்ந்தாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலிகள் இழுபட்டன, ஆடுகள் கத்தின, யாரோ பெட்டி கிடைக்காமல் புலம்பினார். தடுப்புக்கு இந்தப் பக்கம் எவரும் எட்டிப் பார்க்கவில்லை. நாலரை ஆனது. ஐந்து ஆனது. அவள் கதவைத் திறக்கவில்லை. ஜாக்கும் அவளும் பதினோரு பெட்டிகளுக்கு நடுவில் சும்மா நின்றுகொண்டிருந்தார்கள். வருவதாகச் சொல்லிவிட்டு இப்படிச் செய்வானா, கேமில் விட்டுக்கொடுக்கிறவன் எல்லாம் நேரில் அப்படி இருப்பான் என்று நம்பியது தன் மடத்தனம்தான் என்று அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. சுடிதாரைப் பார்த்து வெட்கமாகவும் இருந்தது.

ஐந்தே முக்காலுக்குப் பொறுக்க முடியாமல் எழுந்து வந்து, சாதாரணமாகக் கேட்பது போல, நாலாம் நம்பரில் வழக்கமாக ஆடுகிறவர் இன்றைக்கு வரவில்லையா என்று பாஷா பாயிடம் கேட்டாள்.

பாஷா பாய் அவளை விசித்திரமாகப் பார்த்தார். “அவன் எப்டி வருவான் சிஸ்டர்? நீங்கதான் புக் பண்ணிட்டீங்களே.”

பிறகு நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டி விளக்கினார். அது கணக்கு இல்லை, புக்கிங். அதில் எழுதிவிட்டால் அந்த நேரத்தில் அந்த மெஷின் பக்கம் வேறு யாரும் வரக் கூடாது. வழக்கமாக அந்த நேரத்தில் ஆடுகிறவர் பார்த்துவிட்டு டிக் போடுவார். எனக்கு வேண்டாம், நீயே வைத்துக்கொள் என்று அர்த்தம். லேடீஸ் டைமில் மெஷின்கள் காலியாகவே கிடப்பதால் பெண்களுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. வாவென்று கூப்பிட நினைத்து, வராதே என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள் கரோலின். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை அவளே போட்டு உடைத்துவிட்டாள். அவன் வழக்கம் போல அவளுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறான்.

“யார் பாய் அவரு?” என்றாள்.

பாஷா பாய் சொன்னார். பெயர் நவீன்குமார், அணைக்கட்டுப் பக்கம் ஊர், இங்கே ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன். போன வருஷம் தோல் வெட்டுகிற பிரஸ்ஸில் வலது கை மாட்டி இரண்டு விரல் போய்விட்டது. “உங்க ஆஸ்பத்திரிதான். பதிமூணு நாள் நீங்கதான் கட்டு போட்டீங்களாமே. மொத நாள் நீங்க ரிஜிஸ்டர்ல எழுதுன எழுத்தப் பாத்ததுமே கண்டுபிடிச்சிட்டான். அந்த டிரெஸ்ஸிங் சீட்ட இன்னும் பர்ஸ்ல வச்சிருக்கான், லூசு.”

கரோலின் முகத்தைத் தேடினாள், கிடைக்கவில்லை. ஆம்பூரில் வாரத்துக்கு இரண்டு பேராவது பிரஸ்ஸில் கை கொடுத்துவிட்டு வருகிறார்கள். யார் முகம் நினைவிருக்கும்? ஆனால் கை நினைவிருந்தது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முதல் கணுவோடு. இனிமேல் எப்படி எழுதுவேன் என்று அந்தக் கைக்காரன் ஒரு நாள் அழுதான். அவள் அவன் கண்ணெதிரே இடது கையால் சீட்டை எழுதிக் காட்டி, “எனக்குப் பொறந்ததுலேர்ந்தே இதான். ஒன்னும் கொறைஞ்சி போய்டல, பழகிக்கலாம்,” என்றிருந்தாள். சொல்லிவிட்டு அடுத்த பெட்டுக்குப் போயிருப்பாள். அவன் பழகிக்கொண்டான். நோட்டில் இருந்தது அந்தப் பழகின எழுத்து. ஊரிலேயே இடது கைக்கு என்று இருந்த ஒரே மேஜைக்கு அவனும் அப்படித்தான் வந்து சேர்ந்திருக்கிறான்.

திரும்பப் போய் நாலாம் நம்பரில் உட்கார்ந்தாள். பதினைந்து நிமிஷம் இருந்தது. பதினோரு பெட்டிகளையும் எடுத்தால் கிடாவைக்கூட அடித்துவிடலாம். அவள் எடுக்கவில்லை. இருந்தபடியே சேவ் செய்தாள். வெளியே வந்து நோட்டின் முன்பக்கத்தில் தன் பழைய கருத்தை அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதினாள்: “தப்பா சொல்லிட்டேன். மருந்துப் பெட்டி ரொம்பக் கம்மி. இரண்டாம் பாகமே மேல்.”

கீழே டி.வி.எஸ். ஃபிப்டியின் ஹார்ன் கேட்டது. அப்பா ஆறு என்றால் ஆறுக்கு வந்து நிற்பார். பாஷா பாயிடம் சொல்லிக்கொண்டு படியில் இறங்கினாள். ஒரு ஆள் இறங்கினால் இன்னொரு ஆள் ஏற முடியாத குறுகல் படி அது. கடைசிப் படியருகே ஏற வந்த ஒருத்தன் அவளைப் பார்த்ததும் சட்டென்று ஒதுங்கி நின்றான். புக்கிங் முடிகிற நேரம் பார்த்து வந்திருக்கிறான். ஒல்லியாக, சுத்தமாகத் தேய்த்த சட்டையில் இருந்தான். இடது கை சுவரில் ஊன்றியிருந்தது. வலது கை பேன்ட் பாக்கெட்டுக்குள் இருந்தது.

பத்தடி தூரத்தில் வண்டியின் மேல் அப்பா. தெரு நிறைய ஆள். ஒரு பெண் ஒருத்தனிடம் நின்று பேச அந்தத் தெருவில் வழியே கிடையாது. ஆனால் நர்ஸுக்கு ஒரு வழி உண்டு.

“கை எப்படி இருக்கு?” என்றாள் கரோலின், அப்பாவுக்கும் கேட்கிற மாதிரி.

அவன் பாக்கெட்டிலிருந்து கையை எடுத்து நீட்டினான். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தையல் போட்ட இடம் வெளுத்து மூடியிருந்தது. பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்த பிறகும் அவள் விடவில்லை. முகத்தைப் பார்த்தாள். இந்த முகத்தை எப்படி மறந்தேன் என்று அவளுக்குத் தாங்கவில்லை.

“வாங்கன்னு தான் எழுதுனேன்,” என்றாள் மெதுவாக. “எனக்கு அந்தப் பழக்கம் தெரியல. பதினோரு பெட்டியும் அப்டியே இருக்கு. எடுத்துக்கோங்க.”

அவனுக்கு அது புரிய ஒரு நொடி ஆனது. புரிந்ததும் கண் கலங்கிவிட்டது. ரோட்டைப் பார்த்தான், அவள் அப்பாவைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான்.

“போய்ட்டு வாங்க கரோலின்,” என்றான்.

ஆம்பூரில் சின்னப் பிள்ளை முதல் கிழவர் வரை எல்லாருக்கும் அவள் சிஸ்டர்தான். அவன் சிஸ்டர் என்று சொல்லவில்லை.

வண்டி கிளம்பியது. யாரும்மா அது என்று அப்பா கேட்டார். பழைய பேஷண்ட்ப்பா என்றாள். நல்லா ஆயிடுச்சா என்றார். ஆயிடுச்சுப்பா என்றாள். ரயில்வே கேட் மூடியிருந்ததால் வண்டி நின்றது. இந்நேரம் அவன் சுவரை ஒட்டி நாற்காலியை இழுத்துப் போட்டிருப்பான், ஜாக் எழுந்து நின்றிருப்பான், உயிர் ஏழு, சுற்றிலும் பதினொன்று. இரண்டு வருஷம் கழித்து வந்தாலும் அவற்றில் ஒன்றுகூடக் குறைந்திருக்காது என்று அவளுக்குத் தெரிந்தது. அப்பாவின் முதுகுக்குப் பின்னால் துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு, கேட் திறக்கிற வரைக்கும் அழுதாள்.